கடவுள் சொன்னார், பிறகு மாற்றியும் சொன்னார்: மார்மன் சபையின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். பாதியில் தூக்கம் வந்தால் தூங்கிவிட்டு மீதியைப் படிக்கலாம், வகுப்பறையில் அந்தச் சலுகை கொடுத்ததில்லை.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "சார், எங்க ஆபீஸ்ல நிறையப் பேர் மார்மன். டீ, காபி தொட மாட்டாங்க. கேட்டா கடவுள் சொன்னதுங்கிறாங்க. அந்தக் காலத்துல நாலைஞ்சு கல்யாணம் பண்ணினதும் கடவுள் சொல்லித்தானாம். அப்புறம் நிறுத்தினதும் கடவுள் சொல்லித்தானாம். இது எப்படி சார்?"

நல்ல கேள்வி. கடவுள் உண்மையில் சொன்னாரா என்பது வரலாற்று வாத்தியாருக்கு உட்பட்ட விஷயமில்லை. எந்தத் தேதியில், எந்த நெருக்கடியில், யார் வாயால், எந்த வார்த்தைகளில் சொல்லப்பட்டது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் நம் விஷயம். ஆவணங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மார்மன்கள் எதையும் எழுதி வைப்பவர்கள். நாட்குறிப்பு எழுதுவது அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு வழிபாடு.

முதலில் பெயர். அவர்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்பது ஊரார் வைத்த பெயர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்களே "நான் ஒரு மார்மன்" என்று பெரிய விளம்பர இயக்கம் நடத்தினார்கள். 2018ல் தலைவரான ரஸ்ஸல் நெல்சன், முழுப்பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆண்டவர் தன் மனதில் பதித்ததாக அறிவித்தார். பட்டப்பெயரைப் பயன்படுத்துவது சாத்தானுக்கு வெற்றி என்றும் பேசினார். உலகப்புகழ் பெற்ற மார்மன் டாபர்நக்கிள் பாடகர் குழுவின் பெயரிலிருந்து 'மார்மன்' நீங்கியது. உங்களுக்குப் பழக்கமான சொல் என்பதால் நான் இங்கே 'மார்மன்' என்றே எழுதுகிறேன். பாருங்கள், பெயரிலேயே நம் தலைப்பு தொடங்கிவிட்டது.

சபை தோன்றியது 1830 ஏப்ரல் 6, நியூயார்க் மாநிலத்தில். நிறுவியவர் ஜோசப் ஸ்மித், அப்போது வயது 24. பைபிளோடு கடவுள் பேச்சை நிறுத்திவிடவில்லை, இன்றும் பேசுகிறார், என்னிடம் பேசுகிறார் என்பதுதான் அவருடைய செய்தியின் உயிர். மற்றக் கிறிஸ்தவ சபைகளில் வேதம் மூடப்பட்ட புத்தகம். இவர்களுடையது திறந்த நோட்டுப்புத்தகம் மாதிரி, இன்னும் பக்கங்கள் சேரலாம்.

சபை தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு சிக்கல் வந்தது. ஹைரம் பேஜ் என்ற உறுப்பினர், தன்னிடமும் ஒரு கல் இருக்கிறது, அதன் வழியே தனக்கும் வெளிப்பாடு வருகிறது என்றார். சிலர் நம்பவும் செய்தார்கள். 1830 செப்டம்பரில் ஜோசப்புக்கு ஒரு வெளிப்பாடு வந்தது: சபை முழுமைக்கும் வெளிப்பாடு பெறுகிறவர் ஜோசப் ஒருவரே. பேஜ் அடங்கிப்போனார். எனக்கு இது மிக முக்கியமான இடமாகத் தோன்றுகிறது. எல்லோரும் கடவுளோடு பேசலாம் என்று தொடங்கிய இயக்கம், சபைக்காகப் பேசும் உரிமை ஒருவருக்குத்தான் என்று முதல் வருடமே வரையறுத்துவிட்டது. உன் குடும்பத்துக்கு நீ வெளிப்பாடு பெறலாம், சபைக்குப் பெற முடியாது. பின்னால் நடந்த எல்லா மாற்றங்களுக்கும் கதவு இங்கேதான் இருக்கிறது.

ஜோசப்பின் வெளிப்பாடுகளில் பெரும்பாலானவை 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற நூலில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கடவுளே தன்னிலையில் பேசுகிறார். ஜோசப் எந்த ஊருக்குப் போக வேண்டும், யார் நிலம் வாங்க வேண்டும், யார் மனந்திரும்ப வேண்டும் என்று பெயர் சொல்லிக் கட்டளைகள். நூலில் 138 பிரிவுகள். ஜோசப் 1844ல் கொல்லப்பட்ட பிறகு, அவருக்குப் பின் வந்த தலைவர்கள் பெற்ற வெளிப்பாடாக அதில் இருப்பவை இரண்டே பிரிவுகள்: பிரிகாம் யங் 1847ல் பெற்றது ஒன்று, ஜோசப் எஃப். ஸ்மித் 1918ல் கண்டது ஒன்று. இவை தவிர பின்னிணைப்பாக இரண்டு 'அதிகாரப்பூர்வ அறிவிப்புகள்'. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து ஆண்டுகளில் அருவியாகக் கொட்டியது, அடுத்த 180 ஆண்டுகளில் சொட்டுச் சொட்டாகிவிட்டது. ஆனால் சபையின் கொள்கைகள் மாறிக்கொண்டேதான் இருந்தன.

காபியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1833 பிப்ரவரி 27, ஒஹையோவில் கர்ட்லண்ட் என்ற ஊர். ஒரு கடைக்கு மேல்மாடியில் ஜோசப் ஆண்களுக்கு வகுப்பு நடத்துவார். அவர்கள் புகையிலை மென்று துப்பி வைப்பதை ஜோசப்பின் மனைவி எம்மா கழுவ வேண்டும். அவர் முறையிட்டதுதான் தூண்டுதல் என்று பிரிகாம் யங் பிற்காலத்தில் சொன்னார். மது, புகையிலை, 'சூடான பானங்கள்' வேண்டாம் என்று 'ஞான வார்த்தை' வந்தது. சூடான பானம் என்றால் டீயும் காபியும் என்று பொருள் கொண்டார்கள். கவனிக்க வேண்டியது, அந்த வெளிப்பாட்டிலேயே இது கட்டளையாகவோ கட்டாயமாகவோ அல்ல, அறிவுரை என்றுதான் இருக்கிறது. ஆலயத்துக்குள் நுழைய இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்ற விதி, ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்த 1920களின் தொடக்கத்தில்தான் உறுதியானது. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் இருந்த காலம் அது. அறிவுரை கட்டாயமானதற்குப் புதிய வெளிப்பாடு எதுவும் நூலில் சேரவில்லை. வார்த்தை அப்படியே இருந்தது, அதன் எடை மட்டும் ஏறியது. காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசத்துக்கு எழுந்திருக்கும் நம் வீட்டு ஆட்கள் யாரும் அந்த ஊரில் தேறமாட்டார்கள்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பலதார மணம்.

பல மனைவியரைக் கொள்வது பற்றிய வெளிப்பாட்டை ஜோசப் 1843 ஜூலை 12 அன்று எழுத்தில் கொண்டுவந்தார். அப்போது அவர்கள் இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரில் இருந்தார்கள். வெளியே சொல்லவில்லை. மறு ஆண்டு ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் ஜோசப்பைச் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் தலைமையில் பெருங்கூட்டம் மேற்கே நடந்து, 1847ல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தது. அங்கே கேட்பார் யாருமில்லை. 1852 ஆகஸ்ட் மாதம் ஒரு சிறப்பு மாநாட்டில் பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்தார்கள்.

அதே மாநாட்டில்தான் உலகெங்கும் அனுப்ப நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. அதில் இந்தியாவும் உண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் என்பவரும் தோழர்களும் 1853ல் நம் மெட்ராஸுக்கே வந்தார்கள். மாநாட்டு அறிவிப்பும் கடல் தாண்டி வந்துவிட்டது. 'நாலு பெண்டாட்டிக்காரர்கள்' என்ற பெயரோடு வந்த வெள்ளைக்காரர்களுக்கு, மெட்ராஸில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் கதவு திறக்கவில்லை. பெரிய பலனின்றித் திரும்பினார்கள்.

அமெரிக்க அரசு சும்மா இருக்கவில்லை. 1862ல் ஒரு சட்டம் போட்டது. மார்மன்கள் அது மதச் சுதந்திரத்துக்கு விரோதம் என்றார்கள். பிரிகாம் யங்கின் செயலராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவரை முன்னிறுத்திச் சோதனை வழக்கு நடந்தது. 1879ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நம்பிக்கையில் அரசு தலையிடாது, செயலில் தலையிடும். அதற்கு அந்த நீதிபதிகள் காட்டிய உதாரணம் என்ன தெரியுமா? கணவன் சிதையில் ஏறி எரிந்துபோவது தன் மதக் கடமை என்று ஒரு மனைவி நம்பினால், அரசு தடுக்கக் கூடாதா? 1829, பெண்டிங்க் பிரபு, உடன்கட்டைத் தடை என்று நீங்கள் மனப்பாடம் செய்த பாடம், ஐம்பது ஆண்டு கழித்து வாஷிங்டனில் ஒரு கல்யாண வழக்கில் நிழலாக வந்து நிற்கிறது.

அதன் பிறகு கயிறு இறுகியது. 1882ல் எட்மண்ட்ஸ் சட்டம். 1887ல் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம்: சபை என்ற சட்டபூர்வ அமைப்பே கலைப்பு, 50,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துகள் பறிமுதல். யூட்டா பெண்கள் 1870லேயே பெற்றிருந்த வாக்குரிமையும் போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றார்கள். அப்போதைய தலைவர் ஜான் டெய்லர் தலைமறைவாக வாழ்ந்து, மறைவிடத்திலேயே 1887ல் இறந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் வில்ஃபர்ட் உட்ரஃப். 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் பறிமுதலைச் சரியென்றது. அடுத்து ஆலயங்களே போகும் நிலை. சால்ட் லேக் ஆலயம் 1853 முதல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. முடியுமுன்பே பறிபோய்விடும்போல் இருந்தது. 1890 செப்டம்பர் 25 அன்று உட்ரஃப் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார், சபையின் உலகியல் ரீதியான பாதுகாப்புக்காகச் செயல்பட வேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிட்டதாக. அவருக்கு வயது 83.

அவர் வெளியிட்ட அறிக்கையை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். அதில் 'ஆண்டவர் சொல்கிறார்' என்று ஒரு வரி கிடையாது. சம்பந்தப்பட்டவர்கள் கவனத்துக்கு என்று அரசாங்கக் கடிதம் போலத் தொடங்குகிறது. பத்திரிகைச் செய்திகளை மறுக்கிறது. நாட்டின் சட்டம் தடைசெய்த திருமணங்களைச் செய்ய வேண்டாம் என்பது என் அறிவுரை என்று முடிக்கிறது. அக்டோபர் 6 மாநாட்டில் வாசித்தார்கள், கையுயர்த்தி ஏற்றார்கள். அன்றே உட்ரஃப் மேடையில் ஒன்று சொன்னார்: சபைத் தலைவர் உங்களை வழிதவறி நடத்த ஆண்டவர் ஒருபோதும் விடமாட்டார், அப்படி முயன்றால் என்னை இந்த இடத்திலிருந்தே அகற்றிவிடுவார்.

கடவுள் எங்கே வந்தார் என்று கேட்பீர்கள். ஓராண்டு கழித்து வந்தார். 1891 நவம்பர் 1, லோகன் என்ற ஊரில் உட்ரஃப் பேசினார். நாம் நிறுத்தாவிட்டால் என்ன நடக்கும் என்று ஆண்டவர் எனக்குத் தரிசனத்தில் காட்டினார்: ஆலயங்கள் போகும், தலைவர்களும் குடும்பத் தலைவர்களும் சிறை போவார்கள். எழுதச் சொன்னார், எழுதினேன். 1908 முதல் அந்த அறிக்கை வேதநூலோடு சேர்த்து அச்சிடப்பட்டது. பத்திரிகை அறிக்கையாகப் பிறந்தது வேத வரிசையில் உட்கார்ந்தது.

இதைப் படித்ததும் 'அப்ப ஏமாற்றுத்தானே சார்' என்று பின்னூட்டம் போட விரல் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். உட்ரஃப் தன் வாழ்நாள் முழுவதும் பலதார மணத்தைக் கடவுள் கட்டளை என்று நம்பி வாழ்ந்த மனிதர், அதற்காகத் தலைமறைவாக இருந்தவர். அந்த 83 வயதுக் கிழவர் முன் இருந்தவை இரண்டு கட்டளைகள். பல மனைவியரைக் கொள் என்பது ஒன்று, இறந்தவர்க்கும் இருப்பவர்க்கும் ஆலயத்தில் சடங்கு செய் என்பது இன்னொன்று. இரண்டையும் காப்பாற்ற முடியாது என்று ஆனபோது ஒன்றைத் தேர்ந்தார். தேர்ந்த பிறகு அதைக் கடவுள் காட்டிய வழியாகவே அவர் உணர்ந்திருக்கலாம். நெருக்கடி இருந்தது என்பதற்காகப் பக்தி பொய் என்றாகாது. நெருக்கடியை மறைத்துப் பக்தியை மட்டும் சொன்னால் அது வரலாறும் ஆகாது.

என் மனதில் நிற்பது அந்த இரண்டாம், மூன்றாம் மனைவியர்தான். ஊர் சிரித்தபோதும் கணவன் சிறை போனபோதும், இது கடவுள் கட்டளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்திய பெண்கள். பாதிப் பேருக்கு மேல் அதை ஆசைப்பட்டு ஏற்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் கையுயர்த்துகிறார்கள், அவர்கள் தியாகத்துக்குக் காரணமாக இருந்த கட்டளை நின்றுபோகிறது. அவர்கள் நிலை என்ன, கணவனோடு வாழலாமா கூடாதா என்பது அறிக்கையில் தெளிவாக இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாதிரி சமாளித்தது.

தலைவர்களே ஒழுங்காக நிறுத்தவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தது. 1904ல் அமெரிக்க செனட் விசாரணை ஒன்றில் அப்போதைய தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தார். ஐந்து மனைவியரோடும் வாழ்வதையும், 1890க்குப் பிறகு பதினொரு குழந்தைகள் பிறந்ததையும் ஒப்புக்கொண்டார். உங்களுக்கு வெளிப்பாடு வருகிறதா என்று செனட்டர்கள் துருவினார்கள். மார்மன் மார்க்கம் உண்மை என்று கடவுள் எனக்குக் காட்டியது தவிர, வெளிப்பாடு பெற்றதாக நான் சொன்னதே இல்லை என்று பதில் சொன்னார். வெளிப்பாடு பெறுகிறவர் என்ற பட்டத்தோடு சபை நடத்துகிறவர், சத்தியம் செய்துகொடுத்த சாட்சியம்! அதே மனிதர் சாவதற்குச் சில வாரம் முன்பு, 1918 அக்டோபரில், இறந்தவர்களின் உலகத்தைத் தரிசனமாகக் கண்டதாக அறிவித்தார். அதுதான் நான் முன்னே சொன்ன 138ஆம் பிரிவு.

அந்த விசாரணை நடந்த ஆண்டே இரண்டாம் அறிக்கை விட்டார்கள், இனிப் பலதார மணம் செய்தால் சபைநீக்கம் என்று. அப்படியும் ஒரு கூட்டம் ஏற்கவில்லை. தலைமறைவில் இருந்த ஜான் டெய்லருக்கு 1886ல் ஒரு வெளிப்பாடு வந்தது, அந்தக் கட்டளையைத் தான் ரத்து செய்யவில்லை, செய்யவும் மாட்டேன் என்று கடவுள் சொன்னார் என்பது அவர்கள் வாதம். அப்படி ஒன்று சபை ஆவணங்களில் இல்லை என்று 1933ல் தலைமை அறிக்கை விட்டது. 2025ல் சபையின் ஆவணக் காப்பகமே அந்தத் தாளின் படத்தை வெளியிட்டது. நான்காண்டு இடைவெளியில் இரண்டு தலைவர்கள், இரண்டு வெளிப்பாடுகள், ஒன்றுக்கொன்று எதிர். எது செல்லும்? பிந்தியது செல்லும் என்கிறது சபை. முந்தியது செல்லும் என்கிறவர்கள் இன்றும் யூட்டா, அரிசோனா எல்லையில் வாழ்கிறார்கள்.

அடுத்தது இன்னும் கனமானது.

எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத்தவர் 1836ல், ஜோசப் ஸ்மித் உயிரோடு இருக்கும்போதே ஆசாரியத்துவம் பெற்றார். மார்மன் சபையில் ஆசாரியத்துவம் என்பது படித்த பாதிரிமாருக்கு மட்டும் உள்ளது அல்ல, பன்னிரண்டு வயது ஆகும் ஆண்டிலிருந்து எல்லா ஆண்களுக்கும் படிப்படியாகக் கிடைப்பது. அது இல்லாதவன் சபையில் பந்திக்கு வெளியே நிற்பவன் மாதிரி. 1852ல் பிரிகாம் யங், ஆப்பிரிக்க வம்சத்தாருக்கு அது கிடையாது என்று யூட்டா சட்டசபையில் பேசினார். இதற்கு 'ஆண்டவர் சொல்கிறார்' என்ற வெளிப்பாடு ஒன்றும் நூலில் இல்லை. ஆனால் காலம் போகப் போகப் பழக்கம் கட்டளையாகக் கெட்டிப்பட்டது. 1949ல் தலைமை எழுத்திலேயே சொன்னது, இது கொள்கை அல்ல, ஆண்டவரின் நேரடிக் கட்டளை என்று.

ஜேன் மேனிங் ஜேம்ஸ் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கனெக்டிகட்டில் அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். மதம் மாறிய பின், கறுப்பர்கள் என்பதால் படகில் ஏற்ற மறுத்தபோது, குடும்பத்தோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்து நாவூ சேர்ந்தார். ஜோசப் ஸ்மித் வீட்டில் வேலை செய்தார். 1847லேயே யூட்டா வந்த முன்னோடி. தன் குடும்பத்தை நித்தியத்துக்கும் இணைக்கும் ஆலயச் சடங்கு தனக்கும் வேண்டும் என்று ஒரு தலைவருக்குப் பின் இன்னொரு தலைவரிடம் மனுப்போட்டார். 1894ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஜோசப் ஸ்மித்துக்கு நித்திய காலத்துக்கும் வேலைக்காரியாக அவரை இணைப்பது. அந்தச் சடங்குக்குக்கூட அவரை ஆலயத்துக்குள் விடவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். ஜேன் அதோடு ஓயவில்லை, திரும்பவும் மனுப்போட்டார். 1908ல் இறந்தார்.

1960களில் உலகம் மாறியது. 1969ல் வயோமிங் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் 14 பேர், மார்மன்களின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்தில் எதிர்ப்பைக் காட்டக் கறுப்புப் பட்டை அணிய விரும்பினார்கள், அணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு அந்தப் பல்கலைக்கழகத்தோடு விளையாட்டு உறவை முறித்தது. ஆனால் வெளி அழுத்தத்தைவிட உள்ளே இருந்து வந்த அழுத்தம் பெரியது என்பது என் கணிப்பு. நைஜீரியாவிலும் கானாவிலும் யாரோ கொடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு மக்கள் தாங்களாகவே மார்மன் சபைகள் அமைத்து, எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரில் ஆலயம் கட்டுவதாக 1975ல் அறிவித்தாயிற்று. பிரேசிலில் யாருக்கு ஆப்பிரிக்க ரத்தம் உண்டு, யாருக்கு இல்லை என்று எப்படிப் பிரிப்பது? ஆலயத்துக்குக் காசு கொடுத்து உழைத்தவர்களில் உள்ளே போக முடியாதவர்களும் இருந்தார்கள்.

தலைவர் ஸ்பென்சர் கிம்பல். இவருக்கும் 1978ல் வயது 83, உட்ரஃபுக்கு இருந்த அதே வயது. மாதக்கணக்கில் தனியாக ஆலயத்துக்குப் போய் ஜெபித்தார். சகத்தலைவர்களிடம் ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். 1978 ஜூன் 1 அன்று ஆலயத்தில் பதின்மூன்று பேர் கூடி ஜெபித்தார்கள். அப்போஸ்தலர் பன்னிருவரில் இருவர் இல்லை. ஒருவர் தென் அமெரிக்காவில், ஒருவர் மருத்துவமனையில். அவர்கள் ஒப்புதலையும் பெற்றபின் ஜூன் 9 அன்று அறிவித்தார்கள், தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் ஆசாரியத்துவம் உண்டு என்று.

அந்த ஆவணத்தையும் பாருங்கள். கடவுள் பேசவில்லை. வெளிப்பாட்டால் அவர் உறுதிப்படுத்தினார் என்று தகவல் சொல்லும் ஒரு கடிதம் அது. இதுவரை ஏன் மறுத்தோம் என்று ஒரு வரியும் இல்லை, வருத்தமும் இல்லை. குரல் கேட்டதா, உருவம் தெரிந்ததா என்று பின்னர் கதைகள் கிளம்பின. அங்கிருந்தவர்கள் பேசியது பெரும்பாலும் எல்லோர் மனதிலும் ஒரே நேரத்தில் இறங்கிய உறுதியைப் பற்றித்தான். அவர்களில் ஒருவரான புரூஸ் மெக்கான்கி பழைய தடைக்கு நியாயம் எழுதிப் புத்தகம் போட்டவர். இரண்டு மாதம் கழித்து ஆசிரியர்கள் கூட்டத்தில், நானோ பிரிகாம் யங்கோ முன்பு சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசினோம் என்றார். நேர்மையான பேச்சுத்தான். ஆனால் மறந்துவிடுங்கள் என்பது யாருக்குச் சுலபம், யாருக்குக் கஷ்டம்? 2013ல் சபையே ஒரு கட்டுரையில் அந்தப் பழைய விளக்கங்களை எல்லாம் மறுத்தது. அந்தத் தடை கடவுள் போட்டதா, மனிதர் போட்டதா என்பதை மட்டும் பளிச்சென்று சொல்லவில்லை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மேலே தலைவரும் இரண்டு ஆலோசகர்களும், அடுத்துப் பன்னிரு அப்போஸ்தலர்கள். பதினைந்து பேருக்கும் தீர்க்கதரிசி என்ற பட்டம் உண்டு. தலைவர் இறந்தால் பன்னிருவரில் மூத்தவர் தலைவராவார், தேர்தல் இல்லை. அதனால் தலைவர்கள் பெரும்பாலும் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள். பெரிய மாற்றம் என்றால் பதினைந்து பேரும் ஒருமனப்பட வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் விஷயம் தள்ளிப்போகும். வெளிப்பாடு மெதுவாக வருவதற்குக் காரணம் வானத்தில் இல்லை, இந்த மேசையைச் சுற்றித்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். முடிவானபின் ஏப்ரல், அக்டோபர் மாநாடுகளில் உறுப்பினர் கையுயர்த்தி ஆதரிப்பார்கள்.

ஆனால் 2015ல் நடந்தது மெதுவாக இல்லை. நவம்பரில் நிர்வாகக் கையேட்டில் ஒரு விதி சேர்ந்தது: தன்பாலினத் திருமணம் செய்தவர்கள் மதத்துரோகிகள், அவர்களோடு வாழும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை ஞானஸ்நானம் இல்லை. கடும் எதிர்ப்பு. 2016 ஜனவரியில் அப்போது மூத்த அப்போஸ்தலராக இருந்த நெல்சன், இது தலைவர் மான்சனுக்கு ஆண்டவர் வெளிப்படுத்தியது என்று இளைஞர்களிடம் பேசினார். 2018ல் நெல்சனே தலைவரானார். 2019 ஏப்ரலில் அந்த விதி நீக்கப்பட்டது, அதுவும் தொடரும் வெளிப்பாட்டின் பெயரால். மூன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. நெல்சன் பெயர்பெற்ற இதய அறுவை நிபுணர், 101 வயதுவரை வாழ்ந்து 2025ல் மறைந்தார். அவர் காலத்தில் ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்ததுகூட இந்த வரிசையில்தான் பேசப்பட்டது. பலதார மணம் நிற்க ஒரு நாட்டின் சட்டங்களும் நீதிமன்றமும் வேண்டியிருந்தது. இங்கே வேண்டியிருந்தது பெற்றோர், தாத்தா பாட்டிகளின் கண்ணீர் என்று நினைக்கிறேன். அந்த மூன்றரை ஆண்டில் எட்டு வயதான பிள்ளைகள், கூட்டாளிகள் எல்லாரும் ஞானஸ்நானம் எடுக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு செய்தி, இது பலருக்கும் தெரியாது. ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா யூட்டாவுக்குப் போகவில்லை. அவர் மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித் 1860ல் தனிச்சபைக்குத் தலைவரானார். பலதார மணத்தைத் தொடக்கம் முதலே மறுத்த சபை அது. மிசௌரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் நகரில் தலைமையகம், இன்று 'கிறிஸ்துவின் சமூகம்' என்று பெயர். அவர்களுக்கும் வேதம் திறந்த நோட்டுத்தான். 1984ல் ஜோசப்பின் கொள்ளுப்பேரர் வாலஸ் ஸ்மித் பெண்களுக்கும் ஆசாரியத்துவம் என்று வெளிப்பாடு பெற்றதாக அறிவித்தார். அங்கே ஒரு வழக்கம்: வெளிப்பாட்டை முதலில் மாநாட்டுப் பிரதிநிதிகளிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் படித்து, பிரிந்து உட்கார்ந்து விவாதித்து, வாக்களிப்பார்கள். ஏற்றால் 156ஆம் பிரிவாக நூலில் சேரும். காரசாரமாக விவாதித்து ஏற்றார்கள். ஏற்க முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் பிரிந்து போனார்கள். யூட்டாவில் இருக்கும் சபையில் பெண்களுக்கு அது இன்றுவரை இல்லை.